பரணில் கிடைத்த ஆயாவின் மண் உண்டியல்: உடைக்கவா, வேண்டாமா?

வேலப்பாடிக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். விஷயம் ஒரு உண்டியல்தான், ஆனால் கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலூர் வேலப்பாடியில் இருக்கிற எங்கள் பழைய ஓட்டு வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம். அதற்காகப் போன ஞாயிற்றுக்கிழமை பரணைக் காலி செய்தோம். ஈயம் போன பித்தளை அண்டா, ஒரு கால் இல்லாத முக்காலி, எலி தின்ற கோரைப்பாய், எப்போதோ தேதி கிழித்து முடித்த காலண்டர் அட்டைகள் ஒரு கட்டு. எல்லாவற்றுக்கும் பின்னால், சுவர் மூலையில், கோணிச் சாக்கில் சுற்றி ஒரு மண் உண்டியல். உரிக்காத தேங்காய் அளவு இருக்கும். உச்சியில் ஒரு குமிழ், அதற்கு இரண்டு விரற்கடை கீழே ஒரு வெட்டு. விறகடுப்புப் புகை ஏறி ஏறிக் கரிச்சட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். லேசாக அசைத்தால் உள்ளே ஏதோ புரள்கிறது.

எங்கள் ஆயாவுடையது. அப்பாவைப் பெற்றவர். 1997இல் போய்ச் சேர்ந்தார். கடைசி மாதம் வரைக்கும் பீடி சுற்றினார். மடியில் முறம், முறத்தில் தூள், பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய இலை, இலையை அளவாக வெட்ட ஒரு தகர அச்சு. கை தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், வாய் எங்களைத் திட்டிக்கொண்டிருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் ஏஜென்ட் வீட்டுக்குப் போய் வாரக் கூலி வாங்கி வருவார். வந்ததும் நேராக உள் அறைக்குப் போய்க் கதவை ஒருக்களித்துக்கொள்வார். 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். என்ன ஆயா அது என்றால் 'பல்லிடா' என்பார். இத்தனை வருடம் கழித்துப் பல்லி கிடைத்திருக்கிறது.

அண்ணன் அன்றைக்கே சுத்தியலை எடுத்துவிட்டான். "உண்டியலை உடைக்கத்தானேடா செய்யறாங்க, பூஜை பண்ணவா?" என்றான். நியாயம்தான். நான்தான் குறுக்கே நின்றேன். அதற்குக் காரணம் ஜப்பான் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

என் மகள் ஒசாகாவில் வேலை செய்கிறாள். அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, கோட்டை கோயில் எல்லாம் காட்டி முடித்துவிட்டு, "நைனா, உனக்கு இதுதான் பிடிக்கும்" என்று பக்கத்து ஊரான அமாகசாகிக்குக் கூட்டிப்போனாள். நான் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் காசு எண்ணியவன். அந்த ஊரில் அமாகசாகி ஷின்கின் வங்கி என்று ஒன்று இருக்கிறது. அதுவும் நம் கூட்டுறவு மாதிரிதான், உறுப்பினர்களின் வங்கி. அவர்கள் 1984இல் உண்டியலுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்து நடத்திவருகிறார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் உண்டியல்கள், சுமார் 13,000. நுழைவுக் கட்டணம் கிடையாது. சுற்றிலும் இத்தனை வெட்டு வாய் திறந்துகொண்டு நிற்க, ஒரு காசுகூட வாங்காமல் வெளியே விட்டார்கள்.

கை தூக்கிய பூனை, பன்றி, தபால் பெட்டி, உலக உருண்டை என்று போய்க்கொண்டே இருக்கிறது. எனக்குக் கால் நின்றது அமெரிக்க வார்ப்பிரும்பு உண்டியல்கள் இருந்த இடத்தில். காசு போட்டால் வேடிக்கை காட்டும் பொம்மைகள். 1869இல் ஜான் ஹால் என்பவர் காப்புரிமை வாங்கியதிலிருந்து இந்த வகை பிய்த்துக்கொண்டு போனதாம். இதில் பேர்போனது 1870களில் வந்த 'டாமனி' உண்டியல். கனெக்டிகட் மாநிலத்தில் குரோம்வெல் என்ற ஊரில் ஸ்டீவன்ஸ் கம்பெனி வார்த்தது. தொப்பை வைத்த ஓர் அரசியல்வாதி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவர் கையில் காசை வைத்தால் கனத்தில் கை தாழ்ந்து, காசு கோட்டுப் பைக்குள் விழும். உடனே நன்றி சொல்வதுபோலத் தலையை ஆட்டுவார். நியூயார்க் மாநகராட்சியையே சுருட்டிக்கொண்டிருந்த டாமனி ஹால் ஆட்களைக் கேலி செய்து வந்த பொம்மை. நம் ஊரில் இன்னும் யாரும் இதைச் செய்யாமல் இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். அந்தக் காலத்து அமெரிக்க உண்டியல்களில் கறுப்பின மக்களை அசிங்கமாகக் கேலி செய்தவையும் நிறைய உண்டு. குழந்தை கையில் கொடுத்திருக்கிறார்கள் அதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மண் உண்டியல் முன்னால் நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. இரும்பும் தகரமும் வேலை செய்து முடித்த பிறகும் இருக்கும். சாவி போட்டுத் திறந்து, எடுத்து, மூடிவிடலாம். மண் உண்டியல் அப்படியில்லை. ஒழுங்காக வேலை செய்ததெல்லாம் உடைந்து குப்பைக்குப் போயிருக்கும். கண்ணாடிக்குள் முழுசாக நிற்பது ஒன்று விற்காமல் கிடந்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் போட்டவர் எடுக்க வராமல் போனதாக இருக்க வேண்டும். ஆயாவுடையது இரண்டாவது கணக்கு. எடுக்க வராத ஒருத்தியின் உண்டியலை நாம் போய் உடைப்பதா என்று இருக்கிறது.

உடைக்காமல் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ள வழி உண்டா? இது எந்த ஊர் வேலை, என்ன வயசு என்று பார்த்துச் சொல்ல முடியுமா? வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிற அரசு அருங்காட்சியகத்தில் கொடுத்தால் வாங்குவார்களா, சிரிப்பார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அண்ணனிடம் ஒரு வாரம் தவணை வாங்கியிருக்கிறேன்.


சில்லறைச் சித்தப்பா (ஆற்காடு) பதில்:

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்தப் பதிவைப் பார்த்துவிட்டு யாராவது 'உங்கள் பழைய நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று போன் செய்வார்கள். வைத்துவிடுங்கள். இந்த மாதிரி மோசடியை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் அறிக்கை விட்டது. நான் நாற்பது வருடமாகக் காசு சேர்க்கிறவன். லட்சம் கொடுத்தவனையும் பார்த்ததில்லை, வாங்கினவனையும் பார்த்ததில்லை.

உள்ளே எந்தக் காலத்துக் காசு என்று ஓரளவு கண்டுபிடிக்கலாம். கெட்டுப்போன ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தத்தைக் கழற்றிக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற பொம்மைக் காந்தம் போதாது. உண்டியலைச் சாய்த்துப் பிடித்து, வெளிப்பக்கத்தில் காந்தத்தை வைத்து மெல்ல மேலே நகர்த்துங்கள். உள்ளே சரசரவென்று காசு கூடவே ஊர்ந்து வந்தால் அது எஃகு. நம் 10, 25, 50 பைசாக்கள் துருப்பிடிக்காத எஃகில் வரத் தொடங்கியது 1988இல். ஒரு ரூபாய் 1992இல். அதற்கு முந்தைய அலுமினியமும் செம்பு நிக்கல் கலவையும் காந்தத்தை மதிக்காது. ஒரு விதிவிலக்கு உண்டு. 1940களின் கடைசியிலிருந்து ஏறக்குறைய 1970 வரை வந்த கால் ரூபாய், அரை ரூபாய்களில் தூய நிக்கல் இருந்தது, அதுவும் ஒட்டும். ஆனால் உங்கள் ஆயா பீடிக்கூலியில் போட்டது என்றால் அது அவ்வளவாக இருக்காது.

சத்தத்தையும் கேளுங்கள். அலுமினியம் என்றால் காய்ந்த புளியங்கொட்டை மாதிரி சத்தம். சதுர 5 பைசா, நெளிநெளி விளிம்பு 10 பைசா, அறுகோண 20 பைசா எல்லாம் அந்தச் சாதி. எஃகும் நிக்கலும் கொஞ்சம் மணியாகக் கேட்கும்.

கடைசியாக, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. கடையில் கொடுக்க முடியாது. 50 பைசா சட்டப்படி இன்றும் செல்லும், வேலூர் பஸ்ஸில் கொடுத்துப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று எழுதுங்கள்.


கஸ்பாக்காரன் பதில்:

வேலூரில் உட்கார்ந்துகொண்டு உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது என்கிறீர்களே அண்ணா! பாதி இந்தியா காட்பாடியில் ரயில் இறங்கி வருவதே உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான். ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். பேஷண்ட் பெயர்: உண்டியல். வயது: தெரியவில்லை. கூட வந்தவர்: பேரன். தொந்தரவு: வயிறு கனமாக இருக்கிறது, அசைந்தால் சத்தம் வருகிறது. அண்ணனை மட்டும் வெளியிலேயே உட்கார வையுங்கள், ஆபரேஷன் என்ற பேச்சே எடுக்கக்கூடாது.


சக்கரத்து வீட்டுப் பிள்ளை பதில்:

எங்கள் வீட்டில் மண் வேலை. கரிகிரி பக்கம். இப்போது நான் ஷூ கம்பெனியில் இருக்கிறேன், ஆனால் கை மறக்கவில்லை.

படம் போடவில்லை நீங்கள், அதனால் கேட்கிறேன். மேலே கண்ணாடி மாதிரி வழுவழுப்புப் பூச்சு இருக்கிறதா? பச்சையோ நீலமோ பழுப்போ? இருந்தால் எங்கள் பக்கத்து வேலையாக இருக்கலாம். பூச்சு பூசிய மண்பாண்டத்துக்குக் கரிகிரி பெயர் வாங்கிய ஊர். நீங்கள் சொல்கிற கரி நிறத்தைப் பார்த்தால் பூச்சு இல்லாத சாதாரணச் சூளைச் சாமான் என்றுதான் படுகிறது. அப்படியானால் உள்ளூரில் எங்கும் செய்திருப்பார்கள். வேலூரிலேயே கொசப்பேட்டை இருக்கிறதே, பெயரே யார் இருந்த பேட்டை என்று சொல்லுமே.

உண்டியல் செய்வது பார்க்க எளிது, செய்யத் தெரிந்தவனுக்குத்தான் அதன் வம்பு தெரியும். பானைக்கு வாய் இருக்கும், உள்ளே ஒரு கை வெளியே ஒரு கை வைத்து வளர்க்கலாம். உண்டியலை வளர்த்து, தோளை மடக்கி மடக்கி, கடைசியில் வாயையே மூட வேண்டும். விரல் வெளியே வந்த பிறகு உள்ளே தாங்க ஒன்றும் இல்லை, அடைபட்ட காற்றுதான் தாங்குகிறது. அந்தக் கடைசிச் சுற்றில் மிஞ்சுகிற மண்ணைத் திருகி விடுவதுதான் உச்சியில் இருக்கிற குமிழ். அழகுக்கு வைத்ததில்லை. அப்புறம் பாதி காய்ந்ததும் மூங்கில் சிம்பால் வெட்டுப் போடுவோம். பச்சையாக இருக்கும்போது போட்டால் தோள் அமுங்கிவிடும், முழுசாகக் காய்ந்த பிறகு போட்டால் ஓரம் பெயர்ந்துவிடும். வெட்டுப் போட மறந்து சூளையில் வைத்தால் உள்ளே ஈரம் ஆவியாகி, வழி இல்லாமல், வெடிக்கும். பக்கத்தில் இருக்கிற நாலு சட்டியையும் சேர்த்துக் கெடுக்கும். சின்ன வயதில் நான் மறந்திருக்கிறேன், முதுகில் வாங்கியிருக்கிறேன்.

உங்கள் உண்டியலின் வெட்டில் விரல் நுனியை ஓட்டிப் பாருங்கள். உள் ஓரத்தில் மண் பிசிறு மடிந்து நிற்கும். வெளியிலிருந்து உள்ளே குத்தியதால் வருவது. காசு போகும்போது தடுக்காது, திரும்பி வரும்போது தடுக்கும்.

இன்னொன்று. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள். சுண்ணாம்பில் ஏதாவது எழுதியிருந்தால் போய்விடும். காய்ந்த துணியால் தூசியைத் தட்டிவிட்டு, சப்பாத்தி மாவைக் கெட்டியாகப் பிசைந்து உருண்டையாக்கி, ஒற்றி ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கரி மாவோடு வந்துவிடும். எங்கள் அம்மா சுவாமி படத்துச் சட்டத்தில் ஏறிய கரியை அப்படித்தான் எடுப்பார்.


வேலப்பாடிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கஸ்பாக்காரன் பதிலை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, சுத்தியலை ஜன்னல் மேல் வைத்துவிட்டான். கண்ணில் படுகிற இடம்தான்.

காந்தம் வைத்தோம். சித்தப்பா சொன்ன மாதிரியே ஆனது! கொஞ்சம் காசு காந்தத்தோடு ஊர்ந்து வந்தது, மற்றது அப்படியே கிடந்தது. அப்படியானால் 1988க்கு முன்னும் பின்னும் கலந்து கிடக்கிறது. எனக்கு அப்போது கல்யாணம் ஆன புதிது. நான் பணத்துக்குத் திண்டாடிக்கொண்டிருந்த வருடங்களில், பத்தடி தள்ளி ஆயா டொக் டொக் என்று போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

பூச்சு எதுவும் இல்லை. வெட்டுக்கு உள்ளே பிசிறு இருக்கிறது. விரலைக் கீறியது.

அப்புறம் மாவு உருண்டை. என் வீட்டுக்காரி 'சாப்பிடுற மாவை இப்படியா' என்று முணுமுணுத்துக்கொண்டே பிசைந்து கொடுத்தாள். ஒற்றி எடுக்க எடுக்க மாவு கறுத்தது. வெட்டுக்கு நேர் பின்பக்கத்தில், முதலில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. பக்கத்தில் இன்னொரு கோடு. நடுவில் மங்கலாகச் சிவப்பு.

நாமம்.

நாங்கள் பட்டை போடுகிற வீடு. ஆயா ஜலகண்டேஸ்வரர் என்றால் உயிரை விடுவார். கோயில் சாமி இல்லாமல் இருந்த காலத்தில் சத்துவாச்சாரிக்கு நடந்து போய் லிங்கத்தைக் கும்பிட்டு வந்தவர். 1981இல் கோட்டைக்குள் திரும்பவும் பிரதிஷ்டை செய்தபோது எங்களை எல்லாம் கூட்டத்தில் இழுத்துக்கொண்டு போனார். அவருக்கும் நாமத்துக்கும் என்ன சம்பந்தம்? திருவலத்தில் இருக்கிற அத்தைக்குப் போன் செய்தேன். நாமம் என்றதும் அத்தை கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "உன் அப்பனுக்கு மஞ்சக்காமாலை வந்துச்சேடா அந்த வருஷம்" என்றார். அதோடு போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை கூலி, சனிக்கிழமை 'டொக்'. எனக்குக் கூலி கிழமை என்றுதான் இத்தனை நாள் நினைப்பு. பெருமாள் கிழமை என்று தோன்றவே இல்லை.


சித்தூர் ரோடு பதில்:

ஓய்வுபெற்ற பழைய வங்கிக்காரன் நான். இரண்டு மூன்று செய்தி சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.

உண்டியல் என்ற சொல் முதலில் பெட்டியைக் குறித்ததல்ல. ஓர் ஊரில் பணம் கட்டிவிட்டு வேறு ஊரில் வாங்கிக்கொள்ள வணிகர்கள் எழுதிக்கொடுத்த சீட்டுதான் ஹுண்டி, தமிழில் உண்டியல். நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை வரைக்கும் உண்டியல் எழுதினார்கள். இன்றைக்கும் இலங்கைத் தமிழர் ஒருவர் 'உண்டியலில் காசு அனுப்பினேன்' என்றால் அவர் எந்த மண் கலயத்திலும் போடவில்லை. உங்கள் ஆயா எழுதியதும் அந்தப் பழைய உண்டியல்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். வேலப்பாடியில் கட்டியாகிவிட்டது, திருமலையில் பட்டுவாடா.

திருமலை என்றதும் இன்னொன்று. 1843 வரை அந்தக் கோயில் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது, பொறுப்பு வட ஆற்காடு கலெக்டருக்கு. கோயில் வருமானத்தைச் சர்க்கார் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம், அதாவது மடத்துத் தலைவர்களிடம், ஒப்படைத்தார்கள். 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிகிற வரைக்கும் திருப்பதி நம் ஜில்லாதான். அதுவரை வட ஆற்காட்டுக்குத் தலைநகரும் சித்தூர், வேலூர் இல்லை. ஆகவே உங்கள் ஆயாவின் பாட்டி காலத்தில் இது உள்ளூர்க் காணிக்கை.

உண்டியலும் கோயிலும் சேர்ந்தது நம் ஊரில் மட்டுமில்லை. உலகில் கிடைத்தவற்றுள் மிகப் பழைய உண்டியல் என்று சொல்லப்படுவது, இன்றைய துருக்கியில் இருக்கிற பிரியேனே என்ற கிரேக்க ஊரில் கிடைத்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டு. சுட்ட மண். வடிவம் ஒரு சின்னக் கோயில், முகப்பின் உச்சியில் காசு போட வெட்டு. இப்போது பெர்லினில் இருக்கிறது. ஜாவாவில் மஜபாஹித் அரசின் தலைநகராயிருந்த துரோவுலான் பக்கம் பன்றி வடிவ மண் உண்டியல்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அங்கே உண்டியலுக்கு இன்றும் 'செலெங்கான்' என்றுதான் பெயர். செலெங் என்றால் காட்டுப்பன்றி. இங்கிலாந்தில் தொழில் பழகுகிற பையன்கள் மண் உண்டியலில் அன்பளிப்பு வாங்கிச் சேர்த்துக் கிறிஸ்துமஸுக்கு உடைப்பார்களாம். அதனால் அண்ணன் கட்சிக்கும் சரித்திரத்தில் ஆதரவு உண்டு என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.


ராணிப்பேட்டை அக்கா பதில்:

தம்பி, எல்லோரும் சரித்திரம் பேசுகிறார்கள், ஒருத்தரும் காசை எப்படி எடுப்பது என்று சொல்லவில்லை. ஆம்பளைங்க யாரும் உண்டியலில் திருடினதே இல்லை போலிருக்கிறது.

உடைக்காமல் எடுக்கலாம். நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் அம்மா உண்டியலில் எடுத்திருக்கிறேன், ஐஸுக்கு. உண்டியலைத் தலைகீழாகப் பிடிக்கக்கூடாது, அப்படிப் பிடித்தால் எல்லாக் காசும் வெட்டை அடைத்துக்கொள்ளும். மடியில் படுக்க வைத்து வெட்டு உங்களைப் பார்க்கிற மாதிரி சாய்க்க வேண்டும். வழுவழுப்பான தகடு ஒன்றை வெட்டு வழியாக உள்ளே விட்டு, பிசிறுக்கு மேலே படிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். லேசாகக் குலுக்கினால் ஒரு காசு தகட்டின் மேல் படுக்கும். குலுக்குவதை நிறுத்திவிட்டு, தகட்டோடு சேர்த்து மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். கத்தி வேண்டாம், ஓரம் பெயரும். நான் நாக்கு வழிக்கிறதை நிமிர்த்தி வைத்து எடுத்தேன். அம்மாவுக்குத் தெரிந்த பிறகு என்ன ஆயிற்று என்பது இந்தக் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது.

செல்லுகிற காசை மட்டும் வங்கியில் மாற்றிவிட்டு நோட்டாகப் போடலாம் என்று நினைத்தால் தெம்பு வைத்துக்கொண்டு போங்கள். என் பையன் சேர்த்த உண்டியலை உடைத்து, நூறு நூறாகப் பையில் கட்டி, ஒரு வங்கிக்கு எடுத்துப்போனேன். எந்த வங்கி என்று சொல்லவில்லை. கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார். "எண்ண ஆள் இல்லம்மா, மாசக் கடைசி, அப்புறம் வாங்க" என்றார். அப்புறம் போனேன், மாச முதல் என்றார். வங்கிகள் சில்லறையை வாங்கித்தான் ஆக வேண்டும், நூறாகப் பையில் கட்டிக் கொண்டுவந்தால் வசதி என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அந்தக் காகிதத்தை அச்செடுத்துக்கொண்டு மூன்றாவது தடவை போனேன். வாங்கினார்கள். 1,340 ரூபாய். ஆட்டோவுக்கு ஆனதைக் கழிக்காமல் சொல்கிறேன்.

ஆனால் உங்கள் விஷயத்தில் மாற்றுகிற பேச்சே இல்லை. நாமம் போட்டு முடிந்துவைத்தது என்றால் அது அப்படியே போக வேண்டியது. செல்லாத காசாக இருந்தாலும் அது ஆயாவுக்கும் பெருமாளுக்கும் உள்ள கணக்கு. நடுவில் நாம் எண்ணிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.


வேலப்பாடிக்காரன் எழுதியது:

நேற்று ராத்திரி உட்கார்ந்தோம். நான், அண்ணன், திருவலத்து அத்தை. அத்தை போனை வைத்த மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார்.

அக்கா சொன்ன தகட்டுக்கு, என்னுடைய காலாவதியான ஏடிஎம் கார்டை நீளவாக்கில் வெட்டினேன். கச்சிதமாகப் போனது. முதல் காசு வர கால் மணி நேரம் ஆயிற்று. அறுகோண 20 பைசா, 1985. அத்தை அதை வாங்கிப் புடவையில் துடைத்து வெற்றிலைத் தட்டில் வைத்தார். அப்புறம் கை பழகிவிட்டது. நெளி விளிம்புப் பத்துப் பைசா நாலு, காண்டாமிருகம் போட்ட 25 பைசா ஒன்று, ஒரு ரூபாய் இரண்டு. சித்தப்பா சொன்ன புளியங்கொட்டைச் சத்தம் சரியாக இருக்கிறது.

எட்டாவதோ ஒன்பதாவதோ எடுக்கும்போது கார்டு சிக்கியது. காசு இல்லை, ஏதோ மெத்தென்று தடுக்கிறது. அண்ணன் டார்ச் அடித்தான். "டேய், உள்ளே பீடி இருக்குடா" என்றான்.

உண்மையில் அப்படித்தான் இருந்தது. மெதுவாக இழுத்து வெளியே எடுத்தோம். ஒரு இரண்டு ரூபாய் நோட்டு. அதைப் பீடி அளவுக்கு, பீடி மாதிரியே, ஒரு முனை ஒல்லியாகவும் மறுமுனை சற்றுத் தடித்தும் சுற்றி, தடித்த முனையை நகத்தால் உள்ளே மடக்கிவிட்டு, ஒல்லி முனையில் பீடி நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறார். அந்த வெட்டுக்குள் நோட்டு போக வேண்டும் என்றால் வேறு எப்படிப் போடுவார்? அவருக்குத் தெரிந்த சுற்று அது. அத்தை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "தூள் வாசனை" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அத்தையும் அதே முறத்தில் சுற்றியவர், அவருக்குத் தெரிந்திருக்கும்.

பதினொன்று எடுத்தோம். பிரிக்கவில்லை. அத்தை விடவில்லை. மீதி உள்ளேயே இருக்கிறது, எண்ணவும் இல்லை. அண்ணனிடம் 'என்னடா செய்யலாம்' என்று கேட்டேன். ஜன்னல் மேல் இருந்த சுத்தியலை எடுத்துக்கொண்டுபோய் ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுவிட்டு வந்தான்.

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை மூன்று பேரும் திருப்பதி போகிறோம். காசும் நோட்டும் கோயில் உண்டியல் கொப்பரையில் சேர்ந்துவிடும். கூடு மட்டும் திரும்பி வரும். அருங்காட்சியகத்துக்கா, புது வீட்டு அலமாரிக்கா என்று இனிமேல்தான் சண்டை போட வேண்டும். இப்போது ஒரே ஒரு சந்தேகம், அதற்காகத்தான் எழுதுகிறேன். பீடி, சிகரெட், புகையிலை எதையும் மலைக்கு மேலே விடமாட்டார்கள். அலிபிரியில் பையை மிஷினில் விட்டுப் பார்க்கிறார்கள். மஞ்சள் துணியில் கட்டி ஐம்பது அறுபது பீடி மாதிரி தெரிந்தால் பிடுங்கிக்கொள்வார்களா? நூலைப் பிரிக்க மனசு வரவில்லை.


கஸ்பாக்காரன் பதில்:

ஒன்றை மட்டும் பிரித்துக் காட்டுங்கள் அண்ணா. தெலுங்கு தெரிந்த ஆளைக் கூட்டிப்போங்கள். நான் வரவா?